வருடத்தில் ஒரே பயணம்: பிள்ளைகளை எந்தத் திருவிழாவுக்கு ஊருக்கு அழைத்து வருவது?

ஆத்தங்குடி மகள் (சிங்கப்பூர்)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு யோசனை வேண்டும்.

மகன் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். இந்திய மக்கள் கொண்டாடும் சமய விழாக்களை ஒரு பக்கமும் தேசிய விழாக்களை மறுபக்கமும் எழுதிப் படம் ஒட்ட வேண்டும். தீபாவளி, ஹோலி, ரம்ஜான், கிறிஸ்துமஸ், குருநானக் ஜெயந்தி என்று ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. மறுபக்கம் ஆகஸ்ட் 15, ஜனவரி 26, அக்டோபர் 2. எல்லாம் முடித்த பிறகு இரண்டு கேள்வி கேட்டான். நாம் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கிறோமே, அதை ஏன் எந்தப் பட்டியலிலும் காணோம்? இதில் எதை நாம் நம் ஊரில் போய்ப் பார்த்திருக்கிறோம்?

இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை. நாங்கள் செட்டிநாட்டில் எங்கள் ஊரான ஆத்தங்குடிக்கு வருவது கல்யாணத்துக்கும் துக்க காரியத்துக்கும்தான். வந்த வேகத்தில் மதுரை விமான நிலையத்துக்குக் காரைத் திருப்பிவிடுகிறோம். என் பிள்ளைகளுக்கு ஊர் என்றால் பூட்டைத் திறந்ததும் வரும் வௌவால் வாடையும் கல்யாணச் சாப்பாடும் மட்டும்தான். இது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

அடுத்த வருடம் ஒரு பயணம் முழுக்கத் திருவிழாவுக்காகவே வருவது என்று முடிவு செய்திருக்கிறோம். பள்ளி விடுமுறை ஜூனிலும், நவம்பர் பாதியில் இருந்து டிசம்பர் வரையும். அவசியம் என்றால் மற்ற மாதத்திலும் சில நாள் லீவு போடலாம். எந்தத் திருவிழா? மகனுக்குப் பதினொரு வயது, மகளுக்கு எட்டு.

இளையாத்தங்குடிக் கோவில்

இதில் யோசிக்க ஒன்றும் இல்லை ஆச்சி. பிள்ளையார் நோன்புதான். டிசம்பரை ஒட்டியே வரும்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வசதியாக முறையை எழுதுகிறேன். திருக்கார்த்திகை அன்று தொடங்கி, புதுக் கோடி வேட்டியில் இருந்து நாளுக்கு ஓர் இழை. 21 நாளுக்கு 21 இழை. அதைத் திரியாகத் திரித்து, மார்கழி வளர்பிறையில் சஷ்டியும் சதயமும் கூடும் நாளில், பச்சரிசி மாவில் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிடித்த பிள்ளையாரில் வைத்து ஏற்றுவார்கள். வீட்டுக்கு மூத்தவர் கையால் கொடுக்க, சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆவாரம்பூ, பொரி வகைகள், கருப்பட்டிப் பணியாரம், வடை, அதிரசம் எல்லாம் படையலில் இருக்கும். பிள்ளைத்தாய்ச்சிக்கு இரண்டு இழை. வயிற்றில் இருப்பதும் ஒரு புள்ளைதானே.

காவிரிப்பூம்பட்டினத்துக் காலத்தில் கடலில் போன நம் ஆட்கள் புயலில் சிக்கி, நாள் கணக்குக்காக உடுத்திய வேட்டியில் இருந்து தினம் ஓர் இழை எடுத்து வைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. பூட்டிக் கிடந்த வீட்டில், வளவு முற்றத்தில் பங்காளிகள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து இழை எடுத்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. நடுவீட்டுக் கோலம் போடத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் ஊரில் இருக்கிறார்கள்.

ஆத்தங்குடி மகள் (சிங்கப்பூர்)

நன்றி ஐயா. நோன்பு எனக்கும் உயிர். ஆனால் அதை நாங்கள் விட்டதே இல்லை. இங்கே நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) எல்லாரும் ஓர் இடத்தில் கூடித்தான் எடுக்கிறோம். கடைசியில் உப்பு ஏலமும் உண்டு. ஒரு சின்னப் பொட்டலம் உப்பை அவ்வளவு விலைக்கு எடுப்பதைப் பார்த்து என் மகள் வாயைப் பிளந்துவிட்டாள். அது நல்ல காரியத்துக்குப் போகிற பணம் என்று சொன்ன பிறகுதான் சமாதானம் ஆனாள்.

சிராவயல் பொட்டல்

அக்கா, தை 3 வாங்க. சிராவயல் மஞ்சுவிரட்டு. வேறு எதைப் பார்த்தாலும் இதற்குப் பக்கத்தில் வராது.

செக்காலை வாசி

தம்பி, எட்டு வயதுப் பிள்ளையைப் பொட்டலுக்கு அழைத்து வரச் சொல்கிறாய். தொழுவில் இருந்து அவிழ்க்கும் மாடுகள் ஒரு பக்கம் என்றால், பொட்டல் முழுக்கக் கட்டுமாடுகளை அங்கங்கே அவிழ்த்து விடுவார்கள். எந்தப் பக்கம் இருந்து எது வரும் என்று யாருக்கும் தெரியாது. வேடிக்கை பார்க்கப் போனவர்கள்தான் அதிகம் குத்துப்படுகிறார்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டது, 2017 தையில் ஊரே தெருவுக்கு வந்து சட்டம் மாறியது, 2023-ல் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பும் வந்துவிட்டது. மாட்டின் மேல் நமக்கு உள்ள பற்றை யாரும் சந்தேகப்படவில்லை. பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு அது தோதுப்படாது என்றுதான் சொல்கிறேன்.

சிராவயல் பொட்டல்

சரி அண்ணே, பொட்டலுக்கு வேண்டாம். காலையில் வரட்டும். ஊரார் ஊர்வலமாக வந்து, தொழுவில் நிற்கும் மாடுகளுக்கு வேட்டி துண்டு போட்டு மரியாதை செய்வதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அதைப் பார்த்த பிள்ளை மாட்டை வெறும் விலங்காக நினைக்காது.

அப்புறம், அந்தத் தேசிய விழாப் பக்கத்துக்கும் எங்கள் ஊரில் ஒரு வரி இருக்கிறது. ஜீவா சிராவயலில் காந்தி ஆசிரமம் நடத்தினார். 1927-ல் செட்டிநாட்டுப் பயணம் வந்த காந்தி அங்கே போய் அவரைப் பார்த்தார். பிற்காலத்தில் பொதுவுடைமைத் தலைவராக ஆனாரே, அதே ஜீவாதான். தம்பி அதைப் படம் வரைந்து ஒட்டட்டும்.

நாட்டரசன்கோட்டைப் புள்ளி

எங்கள் செவ்வாய்ப் பொங்கலை யாரும் சொல்லவில்லையே!

தைப்பொங்கலை அடுத்து வரும் செவ்வாய்க்கிழமை, கண்ணாத்தாள் கோவில் முன்னால் எங்கள் ஊர் நகரத்தார் அத்தனை புள்ளியும் (குடும்பமும்) வரிசையாகப் பொங்கல் வைப்போம். முதல் பானை யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டு எடுப்பது வழக்கம். பேர் வந்த வீட்டுக்கு அந்த வருடம் முழுக்க நிலை கொள்ளாது. பணக்காரன், இல்லாதவன் என்ற பேச்சே கிடையாது. எல்லாப் பானையும் ஒரே வரிசை, ஒரே புகை. வெளியூரில் இருப்பவர்கள் தீபாவளிக்கு வராவிட்டாலும் இதற்கு வந்துவிடுவார்கள். பெண் பார்ப்பது, மாப்பிள்ளை பார்ப்பது எல்லாம் அந்தக் கூட்டத்திலேயே நடந்துவிடும்.

புள்ளி எங்களுடையது, பொங்கல் வைப்பது நாங்கள். ஆனால் பார்க்க எல்லாரும் வரலாம் ஆச்சி.

ஆத்தங்குடி மகள் (சிங்கப்பூர்)

படிக்கும்போதே ஆசையாக இருக்கிறது ஆச்சி. ஆனால் ஜனவரியில்தான் இங்கே பள்ளி திறக்கும். அந்த வாரம் லீவு கிடைக்காது. தைப்பூசப் பாதயாத்திரைக்கும் அதே சிக்கல்.

ரத்தினவேல் பின்னால்

பாதயாத்திரை என்றதும் வந்துவிட்டேன். தங்கச்சி, அது விடுமுறைக் கணக்கில் அடங்காது. குன்றக்குடியில் காவடிகள் கூடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி. முன்னால் முருகனின் ரத்தினவேல் போகும். 400 வருடத்துக்கு மேலாக நடக்கும் வழக்கம். பலரும் பழனி போய்ச் சேர்ந்ததும் பேருந்தில் ஏறிவிடுவார்கள். நகரத்தார் காவடி எடுத்தவர்கள் நடந்துதான் ஊர் திரும்ப வேண்டும். ரோட்டோரத்தில் முன்பின் தெரியாதவர்கள் காலில் எண்ணெய் தேய்த்துவிடுவார்கள், காபி கொடுப்பார்கள், சாமி என்று கூப்பிடுவார்கள். பிள்ளைகள் வளரட்டும், அப்போது வாருங்கள்.

அதுவரை உங்கள் ஊரிலேயே பூசம் பாருங்கள். சிங்கப்பூர்த் தெண்டாயுதபாணி கோவில் 1859-ல் எழுந்தது. அதுவும் அதே முருகன்தான்.

தேவகோட்டை வாத்தியார்

இரண்டு நாளாக இதைப் படித்துக்கொண்டு வருகிறேன். எல்லாரும் ஆளுக்கு ஒரு திருவிழா சொல்கிறீர்கள். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன்.

நம் விழாக்களில் கப்பல் ஏறியவை உண்டு, ஏறாதவை உண்டு. பிள்ளையார் நோன்பு கப்பலிலேயே பிறந்த விழா. ஒரு புது வேட்டி, கொஞ்சம் மாவு, நெய், மூத்தவர் ஒருவர் இருந்தால் போதும். ரங்கூனிலும் பினாங்கிலும் அப்படித்தான் நிலைத்தது. இன்றைக்கு அமெரிக்காவிலும் நடக்கிறது. பூசமும் கப்பல் ஏறிவிட்டது. தீபாவளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், சிங்கப்பூரில் அரசு விடுமுறையே உண்டு. இவற்றை உங்கள் பிள்ளைகள் இருக்கும் இடத்திலேயே நன்றாகக் கற்றுக்கொள்வார்கள், கற்றும் இருக்கிறார்கள்.

ஏறாதவை வேறு. ஊர்த்தேர் அப்படிப்பட்டது. அதற்கு நாலு தெரு வேண்டும், வடம் பிடிக்கப் பல ஊர் ஆட்கள் வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை போட ஆசாரி வேண்டும், கொட்டு வேண்டும், தண்ணீர்ப் பந்தல் வேண்டும். தெப்பத்துக்கு நிறைந்த குளம் வேண்டும். ஒரு குடும்பம் நினைத்தால் நடக்கிற காரியம் இல்லை, ஒரு சமூகம் நினைத்தாலும் போதாது. எந்த விழாவுக்கு ஊர் முழுவதும் தேவைப்படுகிறதோ, அதற்குத்தான் ஊருக்கு வர வேண்டும். இது என் உறுதியான எண்ணம்.

ஆகவே மாசி மகத்துக்குத் திருக்கோஷ்டியூர்த் தெப்பம். குளத்துப் படித்துறை முழுக்க அகல் விளக்கு. வேண்டுதல் உள்ளவர்கள் ஒரு விளக்கை வீட்டுக்கு எடுத்துப் போய் வைத்திருந்து, நினைத்தது நடந்ததும் மறு வருடம் கொண்டுவந்து ஏற்றுவார்கள். இல்லையென்றால் வைகாசியில் காரைக்குடிக் கொப்புடையம்மன் தேர். அதைச் செக்காலை அன்பர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

ரத்தினவேல் பின்னால்

வாத்தியார் ஐயா, ஒரு திருத்தம். தேரும் கப்பல் ஏறியிருக்கிறது. சிங்கப்பூரில் பூசத்துக்கு முதல் நாள் வெள்ளித்தேரில் முருகன் லயன் சித்தி விநாயகர் கோவிலுக்குப் போவார். செட்டிப்பூசம் என்றே பேர்.

தேவகோட்டை வாத்தியார்

தெரியும் தம்பி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டிய தேர். ஆனால் அந்தத் தேர் போகும் தெருவில் இருக்கிறவர்களில் பெரும்பாலோர் வேறு மொழி, வேறு நம்பிக்கை கொண்டவர்கள். மரியாதையோடு வழி விடுகிறார்கள், நன்றி. இங்கே தேர் வருகிறது என்றால் தெருவே அதன் ஆள். வாசல் தெளிப்பவர், மோர் கரைப்பவர், கரும்புச்சாறு விற்பவர், பலூன்காரர் எல்லாருக்கும் அன்றைக்கு அதுதான் பிழைப்பும் பக்தியும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

ஊரணிக்கரை

நான் நகரத்தார் இல்லை. பள்ளத்தூர் பக்கம் ஒரு சிற்றூர், விவசாயம். இதுவரை வந்த பதிவுகளில் பாதி, செட்டிநாடு என்றால் பெரிய வீட்டுக்காரர்கள் மட்டும் என்பது மாதிரி போகிறது. வாத்தியார் ஐயா அதை உடைத்தார். மேலும் ஒன்று சொல்ல வேண்டும்.

ஊரே கூடி இழுக்கும் தேர் என்று சொல்கிறோம். ஊர் என்றால் யார் யார்? கண்டதேவி தேர் ஏன் அத்தனை வருடம் நின்றது என்று தேவகோட்டைக்காரருக்குத் தெரியும். நாலு நாட்டுக்கு, அதாவது நாலு ஊர்த் தொகுதிக்கு, உரிய தேர். பட்டியல் சமூகத்து மக்களும் வடம் பிடிக்க வேண்டும் என்று கேட்டார்கள். நீதிமன்றம் வரை போய், பிறகு தேரே ஓடாமல் நின்றது. 2024 ஜூனில்தான் போலீஸ் காவலோடு மறுபடி ஓடியது. என் மக்களும் அந்த வடத்தைத் தொட்ட நாளில் என் வீட்டில் அழாதவர் இல்லை.

ஆச்சி, உங்கள் பிள்ளைகளைத் தேருக்கு அழைத்து வாருங்கள். ஆனால் இதையும் சொல்லிக் கொடுங்கள். மதச் சார்புள்ள விழா ஒரு பக்கம், தேசிய விழா ஒரு பக்கம் என்று பள்ளியில் பிரித்து எழுதச் சொல்கிறார்கள். கண்டதேவியில் இரண்டும் ஒரே வடத்தில் இருந்தன. அரசியல் சாசனம் கொடுத்த உரிமையைத்தான் கோவில் வாசலில் கேட்டோம்.

செக்காலை வாசி

ஊரணிக்கரை அண்ணே, நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியாது.

இளையாத்தங்குடிக் கோவில்

விழாவைப் பற்றிக் கேட்ட பெண்ணுக்கு வழக்கு விவகாரம் எல்லாம் எதற்கு? பிள்ளைகள் மனதில் முதலில் நல்லது விழட்டும். சண்டையை வளர்ந்த பிறகு தெரிந்துகொள்வார்கள்.

ஊரணிக்கரை

ஐயா மேல் மரியாதை உண்டு. என் பிள்ளைக்கும் எட்டு வயதுதான். அவள் வளர்ந்த பிறகு தெரிந்துகொள்ளட்டும் என்று எங்களால் தள்ளிப்போட முடியவில்லை, அவளாகவே தெரிந்துகொண்டாள். தேர் ஓடியதும் நல்லதுதானே ஐயா. அதைத்தான் சொல்கிறேன்.

தேவகோட்டை வாத்தியார்

ஐயாவின் அக்கறை புரிகிறது. ஆனால் ஊரணிக்கரை சொல்வதுதான் சரி. பதினொரு வயதுப் பையன் தேசிய விழா என்று எழுதுகிறான். அந்தத் தேசம் இந்த மண்ணில் எப்படி வந்தது என்று தெரிய வேண்டாமா?

மாணவர்களுக்கு ஆகஸ்ட் 15 அன்று நான் சொல்வது இதுதான். 1942 ஆகஸ்டில், வெள்ளையனே வெளியேறு என்ற குரல் தேவகோட்டைக்கு வந்தது. விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையைக் கைது செய்து திருவாடானைச் சிறையில் அடைத்தார்கள். சுற்று வட்டாரத்து ஜனங்கள் திரண்டு போய்ச் சிறையை உடைத்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள். தேவகோட்டையில் நீதிமன்றக் கட்டடம் எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பர்மாவில் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்ததும் அதே 1942-ல்தான். கொண்டுவிற்கப் (கடல் கடந்து தொழில் செய்யப்) போயிருந்த நம் ஆட்கள் பலர் கடையையும் நிலத்தையும் விட்டுவிட்டு நடந்தே திரும்பினார்கள். ஒரே வருடத்தில் இந்த வட்டாரம் இரண்டு பக்கமும் பற்றி எரிந்திருக்கிறது.

இன்னும் பின்னால் போனால், மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிட்டது இங்கே திருப்பத்தூரில். அந்த நாளில் இன்றும் அரசு விழா உண்டு. பிள்ளையார்பட்டிக்கு வருகிற கார் கொஞ்ச நேரம் கூடுதலாக ஓடினால் திருப்பத்தூர் நினைவிடம். எத்தனை பேர் அங்கே இறங்குகிறோம்?

சருகணி அக்கா

மருது பாண்டியர் பேர் வந்ததால் சொல்கிறேன். எங்கள் சருகணி தேவாலயத்துக்கு அவர்கள் மானியம் கொடுத்தார்கள். ஈஸ்டருக்கு எங்கள் ஊரில் தேர் ஓடும், எல்லாச் சாதி மதத்தாரும் வருவார்கள். பட்டியலில் கிறிஸ்துமஸ் மட்டும் எழுதிய தம்பிக்கு, தேர் இழுக்கும் ஈஸ்டரும் உண்டு என்று சொல்லுங்கள்.

நம் மாவட்டத்தில்தான் திருப்புவனம் பக்கம் முதுவன்திடலும் இருக்கிறது. மொகரத்துக்கு அங்கே இந்துக்கள் பாத்திமா நாச்சியாருக்கு நேர்ந்துகொண்டு பூக்குழி இறங்குவார்கள்.

ஆத்தங்குடி மகள் (சிங்கப்பூர்)

எல்லாவற்றையும் மகனோடு உட்கார்ந்து படித்தேன். கண்டதேவியைப் பற்றியும் சொன்னேன். "வடத்தைத் தொடக்கூடாது என்றால் அது எப்படி ஊர்த்தேர்?" என்று கேட்டான். இளையாத்தங்குடி ஐயா, மன்னிக்க வேண்டும், அவனுக்குப் புரிகிற வயது வந்துவிட்டது.

ஜூன் விடுமுறையில் வரலாமா என்று யோசிக்கிறோம். செக்காலை அண்ணே, கொப்புடையம்மன் தேர் பற்றி விவரமாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் வெறுமனே வேடிக்கை பார்க்காமல் ஏதாவது கைவேலை செய்ய முடியுமா?

செக்காலை வாசி

தங்கச்சி, இதற்காகத்தான் காத்திருந்தேன்.

வைகாசியில் செவ்வாய்ப் பெருந்திருவிழா. மே கடைசியோ ஜூன் தொடக்கமோ வரும். செவ்வாய்க்கிழமையை வைத்து நடப்பதால் ஒவ்வொரு வருடமும் தேதி மாறும். கோவில் அழைப்பிதழ் வந்த பிறகு ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

மற்ற கோவில்களில் மூலவர் உள்ளே இருப்பார், உற்சவர் வெளியே வருவார். இங்கே மூலவரும் உற்சவரும் ஒன்றே. கருவறையில் நாம் கும்பிடும் அதே அம்மன்தான் தேரில் ஏறித் தெருவுக்கு வருகிறாள். ஆத்தா வீட்டை விட்டு நம்மைப் பார்க்க வருகிறாள் என்று எங்கள் அப்பத்தா சொல்லும். தேர் காட்டம்மன் கோவிலுக்குப் போய் மறுநாள் திரும்பும். காட்டம்மனை அக்கா என்றும் கொப்பாத்தாளைத் தங்கை என்றும் சொல்வார்கள். அக்காள் பிள்ளைகளுக்குக் கொழுக்கட்டை கொண்டுபோன சித்தி கதையை உங்கள் மகளுக்கு ஊரில் எந்தப் பாட்டியிடம் கேட்டாலும் சொல்வார்கள். அதை நான் எழுதி அந்தச் சுவையைக் கெடுக்கவில்லை.

கைவேலைக்கு: தேர் போகும் வழி நெடுக தண்ணீர்ப் பந்தல் போடுவோம். நீர்மோர், பானகம். பிள்ளைகள்தான் டம்ளர் எடுத்துக் கொடுப்பார்கள். மோரில் போட கறிவேப்பிலை கிள்ளுவதில் இருந்து உங்கள் பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது. வாங்குகிறவர் யார், எந்தத் தெரு என்று கேட்காமல் நீட்ட வேண்டும், அது ஒன்றுதான் சட்டம். வடம் பிடிப்பது பெரியவர்களோடு நின்று தொட்டால் போதும், சக்கரத்துப் பக்கம் போகவே கூடாது. வெயில் கடுமையாக இருக்கும். பருத்தி உடை, தொப்பி, செருப்பை ஒரு பையில் போட்டுக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மாசி பங்குனியில் வருகிறவர்கள் மீனாட்சிபுரம் முத்துமாரிக்கும் வர வேண்டும். தக்காளிப் பழம் காணிக்கையாகக் கொடுப்பது அங்கேதான். பால்குடம் போகும் நாளில் தெருவே மஞ்சள். இது இன்னொரு பயணத்துக்கு.

கற்பகம் துணை

ஆவணியில் பிள்ளையார்பட்டி சதுர்த்தித் திருவிழாவையும் குறித்து வையுங்கள். ஒன்பதாம் நாள் தேர். பிள்ளையார் தேரோடு சண்டிகேசுவரர் தேரும் ஓடும், அதைப் பெண்கள் மட்டும்தான் இழுப்பார்கள். மறுநாள் சதுர்த்திக்கு முக்குறுணி மோதகம், ஒரே கொழுக்கட்டை, ஆட்கள் சேர்ந்து தூக்கி வருவார்கள். உங்கள் மகளுக்குக் கொஞ்சம் வயது ஏறட்டும், வடம் அவள் கைக்குக் காத்திருக்கிறது.

கம்பன் வாசல்

சமயம் மட்டும் இல்லை, தேசியம் மட்டும் இல்லை, இரண்டும் கலந்த ஒன்றை விட்டுவிட்டீர்கள். பங்குனியில் காரைக்குடிக் கம்பன் விழா. சா. கணேசன் 1939-ல் தொடங்கியது. சுதந்திரப் போராட்டத்தில் இருந்தவர்தான் அவரும். கடைசி நாள் அத்த நட்சத்திரத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில் நடக்கும். ஒரு கவிஞனுக்கு ஊர் கூடி விழா எடுப்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். தமிழ்ப் பாடம் எடுக்கிற பிள்ளைகள் என்றால் கட்டாயம்.

ஊரணிக்கரை

ஜூன் நல்ல முடிவு ஆச்சி. ஆனியில் கண்டதேவி தேரும் வரும், உங்கள் விடுமுறைக்குள் விழுமா என்று பாருங்கள்.

அதோடு ஒரு வேண்டுகோள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26, மே 1 எல்லாம் எங்களுக்குக் கிராம சபை நாள். கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்ததோடு முடியாது. ஊர்ப் பிரச்சினை எல்லாம் அங்கேதான் பேசுகிறோம். போன தடவை எங்கள் ஊரில் பேசியது ஊர்க் குளமான ஊரணியைப் பற்றி. பழைய ஆட்கள் வீட்டுக் கூரைத் தண்ணீரும் தெருத் தண்ணீரும் வரத்துக்கால் வழியாக ஊரணிக்குப் போகிற மாதிரிதான் ஊரையே அமைத்தார்கள். இப்போது பூட்டிக் கிடக்கும் வீடுகளின் பின்கட்டில் வரத்துக்கால் அடைத்துக் கிடக்கிறது. திறந்துவிட ஆள் இல்லை, கேட்க உடையவர் ஊரில் இல்லை. ஊரணி வற்றினால் மாட்டுக்கும் தண்ணீர் இல்லை, முளைப்பாரி கரைக்கவும் தண்ணீர் இல்லை.

உங்களுக்கு இங்கே ஓட்டு இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டு வழியாகப் போகிற தண்ணீருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல முடியும். விழாவுக்கு வருகிற நாளில் பின்கட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள். என்னைப் பொறுத்தவரை அதுவும் தேசிய விழாவில் சேர்த்திதான்.

இளையாத்தங்குடிக் கோவில்

ஊரணிக்கரை தம்பி சொன்னது நெஞ்சில் தைத்தது. எங்கள் வளவிலும் பங்காளிகள் கையெழுத்துக்காகப் பின்கட்டு பல வருடமாகப் பூட்டியே இருக்கிறது. இந்த நோன்புக்கு எல்லாரும் கூடும்போது இதை முதலில் எடுப்பேன்.

ஆச்சி, ஜூனில் வாருங்கள், நானும் காரைக்குடிக்கு வருகிறேன். நோன்பை அங்கேயே எடுங்கள். உங்கள் மகனின் முதல் கேள்விக்கு மட்டும் என் பதில்: பட்டியலில் இடம் இல்லாவிட்டால் அவனே ஒரு வரி சேர்த்து எழுதட்டும். ஆசிரியருக்குத் தெரியாததை அவன் சொல்லிக்கொடுக்கலாம்.

ஆத்தங்குடி மகள் (சிங்கப்பூர்)

எழுதிவிட்டான் ஐயா. நோன்பு, செவ்வாய்ப் பொங்கல், சருகணி ஈஸ்டர் தேர், முதுவன்திடல் பூக்குழி எல்லாம் முதல் பக்கத்தில். மறுபக்கத்தில் தேவகோட்டை 1942-ம் கிராம சபையும். கண்டதேவியை எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டுவிட்டு, இரண்டுக்கும் நடுவில் கோட்டின் மேலேயே எழுதினான்.

முடிவு இது: வைகாசித் திருவிழாத் தேதி தெரிந்ததும் டிக்கெட் போடுகிறோம். தேருக்கு முன்னாலேயே வந்து, தேர் திரும்பிய பிறகும் சில நாள் தங்குகிறோம். தண்ணீர்ப் பந்தலில் பிள்ளைகள் நிற்பார்கள். மோருக்கு வேண்டிய தயிர்ச் செலவு எங்களுடையது, தட்டாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். சிராவயலும் திருப்பத்தூரும் ஒரு நாள். ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் இருக்கும் என் தம்பி ஆத்தங்குடிக்குப் போய்க் கிராம சபையில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறான்.

வீடு பங்காளிகளுக்குப் பொதுவில் இருப்பதால் பெரியப்பச்சி வீட்டில் சாவி வாங்க வேண்டும். இன்று இரவே பேசுகிறேன்.

செக்காலை வாசி

தயிர்ச் செலவை ஏற்றுக்கொண்டோம். சாவி கிடைத்ததும் இங்கேயே ஒரு வரி போடுங்கள். ஓடு மாற்றவும் கிணறு இறைக்கவும் ஆள் சொல்லி வைக்கிறேன். சித்திரையிலேயே முடித்துவிட்டால் நல்லது, வைகாசியில் எல்லாரும் கோவில் வேலைக்குப் போய்விடுவார்கள்.

ஊரணிக்கரை

வரத்துக்கால் தோண்ட நான் வருகிறேன் ஆச்சி. நம் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டி வருகிறேன்.